முதலாளியின் முழுப் பெயர்

கிளெனிஸ் என் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள் என்றால் ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம். இந்த இங்கிலாந்து ஊரில் பப் அவளுடையது. அதன் பின்கட்டில் அடுப்பு மூட்டித் தாய்லாந்துச் சாப்பாடு விற்கிறவள் நான். அதுவும் அவள் மனசு வைக்கிறவரைதான். வெக்ஸ்பரோ டவுன் கால்பந்து ரசிகர் சங்கத்துக்கும் அவளே தலைவி. அன்று அவள் பின்னாலேயே குழாய் ரிப்பேர் பார்க்கிற டக்கியும் வந்து, கேட்காமல் கொள்ளாமல் தட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங் ரோலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"கண்ணு, ஒரு உதவி வேணும். மிஸ்டர் பி-யோட முழுப் பேரை எங்களுக்குச் சரியா சொல்லித் தரணும்" என்றாள் கிளெனிஸ்.

"எதுக்கு?"

"வர்ற சனிக்கிழமை மேட்ச்ல பாடறதுக்கு. அவரை வெளிய போகச் சொல்லி."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

மிஸ்டர் பி என்பவர் எங்கள் கிளப்பின் முதலாளி. என்னைப் போலவே தாய்லாந்துக்காரர். முழுப் பெயர் பூவதேத் அனந்தமொங்கோன்சோதிசோப்போன். பிரித்துப் பார்த்தால் முடிவில்லாத மங்கலம், ஜோதி, சோபனம் என்று எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். எங்கள் நாட்டில் ஒரு குடும்பத்தின் பெயரை இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது. பிந்தி வந்த குடும்பங்கள் ரயில் பெட்டி மாதிரி கோத்துக் கோத்துத்தான் பெயர் தேட வேண்டியிருந்தது. ஆனால் ஊரில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. பணக்கார முதலாளிகளைச் 'சியா' என்போம், இவர் 'சியா பூ'. இங்கே வந்ததும் 'மிஸ்டர் பி' ஆனார். குளிர்காலத்தில் மைதானத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கம்பளிக் கழுத்துத் துண்டு கொடுத்தார், புது ஆட்டக்காரர்களை வாங்கினார், ஊரே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. அப்புறம் ஒருநாள், கால்வாய்த் தெருவில் இருக்கிற பழைய மைதானத்தை விற்றுவிட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகக் கட்டப்போகிறேன் என்று சொன்னார். அவ்வளவுதான், தூக்கிய கை எல்லாம் அடிக்கிற கையாகிவிட்டது.

"மிஸ்டர் பி வெளிய போன்னு இத்தனை நாளா தொண்டை கிழியக் கத்திப் பாத்துட்டோம். மனுஷன் சிரிச்சுக்கிட்டே கையசைக்கறாரு. செல்லப் பேரைச் சொல்லித் திட்டினா எவனுக்கு உறைக்கும்? எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா என் பேரை முழுசா சொல்லித்தான் கூப்பிடுவா. ஓடுவேன் நான்" என்றாள் கிளெனிஸ்.

"அதுவுமில்லாம, சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம்ல" என்றான் டக்கி, வாய் நிறைய வைத்துக்கொண்டு. "அவரு பேரை யாரும் கொச்சைப்படுத்தக் கூடாது. வெளிய அனுப்பறதா இருந்தாலும் சரியான பேரைச் சொல்லி மரியாதையா அனுப்பணுமாம்."

"நாம ஒண்ணும் காட்டுமிராண்டிங்க இல்லையே" என்றாள் கிளெனிஸ் பெருமையாக.

அட கடவுளே! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஊர்க்காரர்கள் மனசார நம்புகிறார்கள், ஒருத்தன் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்துவிட்டால் அது மரியாதை என்று. எங்கள் ஊரில் நேர் எதிர். பெரிய மனிதர்களைத் திட்டுவதானால் ஜாடையாகத் திட்டுவோம். செய்தித்தாள்காரனே 'ஒரு பிரபல முதலாளி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொன்னால் அது அவரை மட்டும் திட்டுவதல்ல. செத்துப்போன அப்பன், பாட்டன், பிறக்கப்போகிற பேரன் எல்லாரையும் தெருவில் இழுத்துப் போடுவது. அதற்கப்புறம் கோர்ட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

"என்னால முடியாது கிளெனிஸ். என் தம்பி அவருகிட்ட வேலை பாக்கறான்."

என் தம்பி விச்சித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இறால் பண்ணை போட்டான், இறால் அத்தனையும் நோய் வந்து செத்து மிதந்தது. வீடு போனது. பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் இந்தப் புது முதலாளி கிளப்பைப் பார்க்க வந்து, ஊர்ச் சாப்பாடு கேட்டார் என்று கிளப் ஆட்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவரே சமையலறைக்கு எழுந்து வந்தார். "ஊர்ல யார் யாரு இருக்காங்க தங்கச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நான் உளறிக் கொட்டிவிட்டேன். அந்த வாரமே விச்சித்துக்கு ஊரில் இருக்கிற அவருடைய நூடுல்ஸ் தொழிற்சாலையில் வேலை, குடியிருக்கத் தொழிற்சாலை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நான் கேட்கவே இல்லை. கேட்டு வாங்கியிருந்தாலாவது ஒரு நாள் திருப்பிச் செய்துவிட்டேன் என்று ஆறிக்கொள்ளலாம். எங்கள் மொழியில் இதற்குப் 'புன்குன்' என்று பெயர். செஞ்சோற்றுக் கடன். சாகிறவரை கழுத்தில் கிடக்கும்.

இதைத்தான் அவர்களுக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை.

"உன் தம்பி வேலை பாக்கறான், அவரு சம்பளம் குடுக்கறாரு. சரியாப் போச்சு. இதுல நன்றி எங்கேருந்து வந்துச்சு?" என்றான் டக்கி.

"உனக்குப் புரியாது. குழாயை மாட்டிட்டுக் காசை வாங்கிட்டுப் போறவன் நீ."

"பின்ன? குழாயைக் கட்டிப் புடிச்சு அழணுமா?"

"உன் பேரு வெளிய வராது கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றாள் கிளெனிஸ்.

"இந்த ஊர்ல தாய்லாந்துக்காரி நான் ஒருத்திதான். வேற யாரு சொல்லித் தந்ததா நினைப்பாரு? உங்க வீட்டுப் பூனையா?"

"விடு கிளெனிஸ். அவ சொல்லித் தரலைன்னா போகட்டும். நான்தான் ஒரு மெட்டு வச்சிருக்கேன்ல" என்றான் டக்கி. இரண்டு விரலால் கண்ணோரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, டிங் டாங் என்று என்னவோ பாடினான். அதுதான் எங்கள் மொழியாம். கிளெனிஸ் அவன் கையில் பட்டென்று அடித்தாள். அவன் சிரித்தான். இத்தனை வருஷம் என் கையால் தின்றவன்.

அவனை வெளியே தள்ளிவிட்டுக் கிளெனிஸ் என் தோளைத் தொட்டாள். "பாத்தேல்ல? நீ சொல்லித் தரலைன்னா சனிக்கிழமை ஊரே இவன் பாட்டைத்தான் பாடும். எத்தனை பேரு வாயை நான் மூட முடியும்?"

அவள் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கிளைவ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் திறந்து அதிகம் பேச மாட்டார், பேசினால் கால்பந்து. அன்று மத்தியானம் நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை டீக்கோப்பையைப் பிடித்தபடியே இருந்தார். அவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அவர் அப்பாவின் அஸ்தி கால்வாய்த் தெரு மைதானத்தில், வடக்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கிடக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் ஆற்றுக்கும் கடலுக்கும் போக மாட்டார்கள். டப்பாவில் மறைத்து எடுத்துப்போய் அங்கே தூவிவிட்டு வந்துவிடுவார்கள். கோல் விழுந்தால் கிளைவ் முதலில் பார்ப்பது அந்த மண்ணைத்தான்.

"நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?" என்றேன்.

"என்னைக் கேக்காத ரீட்டா. ஒரு பக்கம் உன் தம்பி. இன்னொரு பக்கம் எங்கப்பா. நான் எதைச் சொன்னாலும் அது தப்பாத்தான் இருக்கும்."

"அப்ப நீங்களும் அவங்களோட சேந்து பாடுவீங்க?"

"பாடாம வேற எங்க போறது? அது என் கிளப்பு" என்றார். குரலில் கோபம் இல்லை. அழுகை மாதிரி இருந்தது.

விச்சித்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடிவந்து பேசுவது மூச்சிரைப்பிலேயே தெரிந்தது.

"அக்கா, உனக்குக் கோடிப் புண்ணியம், இதுல நீ தலையிடாத. இங்க அவரோட குடும்பப் பேரை நாங்க சத்தமாக்கூடப் படிக்க மாட்டோம். மேட்ச் இங்க டிவில வருது. தொழிற்சாலையில திரை கட்டிப் போடறாங்க, எல்லாரும் உக்காந்து பாக்கணும். அந்த வெள்ளைக்காரங்க அவரைப் பேர் சொல்லித் திட்டினா, என் பக்கத்துல உக்காந்திருக்கறவன் என் மூஞ்சியைத்தான் பாப்பான். உங்கக்கா ஊராச்சேன்னு."

"நான் சொல்லித் தரலைன்னா கண்ணை இழுத்துவிட்டுக்கிட்டு டிங் டாங்னு பாடப் போறாங்கடா."

"அதையும் என்னைத்தான் கேப்பாங்க" என்றான் மெதுவாக. "உங்கக்கா அங்கதான இருக்கா, தடுக்கலையான்னு."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. சொல்லித் தந்தாலும் அவன் வேலை போகும், தராவிட்டாலும் போகும். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவன் மறுபடி மாமனார் வீட்டு வாசலில் நிற்பது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இந்த வெள்ளைக்காரர்கள் மேல், அந்த முதலாளி மேல், கேட்காமல் வந்த அந்த உதவி மேல், எல்லாவற்றின் மேலும் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனால் எரிச்சல் பட்டு என்ன? அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு கையில் கிடைத்த துரும்பு அது.

மறுநாள் கிளெனிஸிடம் சொன்னேன். "சொல்லித் தரேன். ஆனா ஆரம்பத்துல 'குன்'னு ஒரு சொல்லு வரும். அதை விடாம சொல்லணும். அது இல்லேன்னா பேரு முழுசாகாது."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றாள்.

'குன்' என்பது பெயரின் பகுதியல்ல. 'திரு', 'ஐயா' என்பதுபோல மரியாதைச் சொல். நாளைக்கு யாராவது விச்சித்தைப் பிடித்து உலுக்கினால், "எங்கக்கா மரியாதைக் குறைவா எதுவும் சொல்லித் தரலியே" என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு பிடி இருக்கட்டும் என்று நினைத்தேன். இவர்களிடம் அதன் அர்த்தத்தை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பப் நிரம்பி வழிந்தது. வாணலியைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தேன். குடும்பப் பெயரை நாலாக வெட்டினேன். அனந்தா. மொங்கோன். சோதி. சோப்போன்.

"மங்கோ..." என்றார் ஒருத்தர்.

"மாம்பழம் விக்கறியா? மொங்-கோன்! நாக்கு மேல ஒட்டணும்."

"என் நாக்கு பீர்ல ஒட்டிக்கிச்சு ரீட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பல்செட் கட்டிய கிழவர்கள், கையில் பச்சை குத்திய தடியன்கள், எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல வாயைக் குவித்துக் குவித்து என் மொழியைச் சொன்னார்கள். டக்கிதான் முதலில் பிடித்தான், பாவி. நடுநடுவே கைதட்டல் வைத்தால் மெட்டில் உட்கார்ந்துவிடும் என்று கண்டுபிடித்தவனும் அவனே. கிளைவ் மூலையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் 'வெளிய போ' வரும்போது என் கரண்டி வாணலியில் படாமல் நின்றுவிடும்.

சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. கால்வாய்த் தெருவிலிருந்து எங்கள் பப்புக்குக் கூப்பிடு தூரம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சத்தம் கிளம்பியது.

குன் பூவதேத்! அனந்தா! மொங்கோன்! சோதி! சோப்போன்! வெளிய போ!

ஆயிரக்கணக்கான தொண்டை. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது, பயத்திலா பெருமையிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டிவியில் முதலாளியைக் காட்டினார்கள். மேலே கண்ணாடி அறையில் எழுந்து நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

அன்றே விச்சித் போன் செய்தான். அவன் வேலை போய்விட்டது என்றுதான் எடுத்தேன்.

"அக்கா! என்னமோ பண்ணிட்டக்கா! தொழிற்சாலையே எழுந்து நின்னு கைதட்டுது. 'இங்கிலாந்துக்காரங்க நம்ம சியாவைக் குன் போட்டு வாழ்த்தறாங்க'ன்னு நியூஸ்ல திருப்பித் திருப்பிப் போடறான்."

"டேய், அவங்க கடைசியில வெளிய போன்னு சொன்னாங்கடா."

"அது இங்க கேக்கல. அந்த இடம் வர்றப்ப டிவிக்காரங்க மேளச் சத்தத்தைப் போட்டுட்டாங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். தம்பி தப்பித்தான். அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பப்பில் ஈ காக்கை இல்லாத நேரம், முதலாளி தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்து, பழைய அதே மீன் குழம்பு நூடுல்ஸ் கேட்டார்.

"காரம் குறைஞ்சிருக்கே தங்கச்சி. இவங்களுக்காகவா?"

"ஆமாங்க ஐயா."

"மனுஷன் இருக்கற இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறிடறான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என் பேரை முழுசா யாராவது சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு. எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. அந்தப் பேரைப் பதிவு பண்றதுக்கு நடையா நடந்தாரு. அத்தனை பேரு ஒரே குரல்ல சொல்றதை அவரு கேட்டிருக்கணும்."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

"ஐயா, அவங்க கடைசியில..."

"வெளிய போன்னாங்க. தெரியாதா எனக்கு? நான் படிச்சதே லண்டன்லதான்." சிரித்தார். "அந்த ஒரு சொல்லை வெட்டிட்டா மிச்சம் பூரா வாழ்த்துதானே? 'குன்' போட வச்சது நீதான்னு கேட்ட உடனே புரிஞ்சுபோச்சு. நம்ம ஆளு எங்க இருந்தாலும் நம்ம ஆளுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடுத்த மேட்ச்சுக்கு முன்னால நீ மைதானத்துல என்கூட வந்து நிக்கணும். மைக்கைத் தரேன். நீ சொல்லிக் குடு, அவங்க திருப்பிச் சொல்லட்டும். புது மைதானத்துக்கு நிலம் தர்றவங்க வர்றாங்க. ரசிகர்களுக்கு என் மேல எவ்வளவு பிரியம்னு அவங்களும் பாக்கட்டும்."

"எனக்குக் கூட்டம்னா பயம் ஐயா."

"நான் பக்கத்துல இருக்கேன்ல?" எழுந்து செருப்பை மாட்டினார். "ஆங், சொல்ல மறந்துட்டேன். விச்சித்தைக் குடோன் மேனேஜராப் போட்டிருக்கேன். நல்ல பையன். பெரிய வீடு தரச் சொல்லியிருக்கேன்."

அதட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இப்படிக் கனிவாகப் பேசி, தட்டைக்கூடத் தானே கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போகிறவரிடம் என்ன சொல்லி மறுப்பது? ஆப்பைப் பிடுங்கிய குரங்காக நின்றேன். ஆப்பை வைத்ததும் நானேதான்.

விஷயம் ஊரில் பரவ நேரமாகவில்லை. கிளப் அலுவலகமே என் படத்தைப் போட்டு, 'நம் முதலாளியின் பெயரை ரசிகர்களுக்குக் கற்றுத் தந்தவர்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தது. கிளெனிஸ் அதில் ஒன்றைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குன்னுன்னா என்ன?"

சொன்னேன்.

"'ஐயா, பெரியவரே'ன்னா பாடினோம் நாங்க? அதை எங்க வாயாலயே சொல்ல வச்சியா?"

"என் தம்பிக்காகத்தான் கிளெனிஸ். வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்லை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. "சனிக்கிழமை நீ அங்க போய் நின்னேன்னா, திங்கக்கிழமைலேருந்து வேற அடுப்பு பாத்துக்க, ரீட்டா."

'கண்ணு' போய் 'ரீட்டா' வந்துவிட்டது. அதுதான் சுருக்கென்று தைத்தது.

கிளைவிடம் சொன்னபோது அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "போகாம இருந்தா?" என்றேன்.

"பெரிய வீடு குடுத்திருக்காரே. குடுத்ததைப் புடுங்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். "போ. போய் நில்லு. தலையெழுத்து."

சனிக்கிழமை என்னை வடக்குப் பக்கமாகக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். கையில் ஒரு பூங்கொத்து. பக்கத்தில் முதலாளி, கோட்டு சூட்டில் நிலக்காரர்கள், முகத்துக்கு நேரே கேமரா. எதிரே அத்தனை முகங்களும் எனக்குத் தெரிந்த முகங்கள். யாருக்கு மிளகாய் ஆகாது, யார் கொத்தமல்லியைப் பொறுக்கி ஓரம் வைப்பார்கள் என்றுகூடத் தெரியும். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. "துரோகி!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. டக்கியின் குரல் மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதலாளி மைக்கை என் கையில் கொடுத்து, "ம், ஆரம்பி தங்கச்சி" என்றார்.

அங்கே தொழிற்சாலையில் விச்சித் பெண்டாட்டி பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். இங்கே என் அடுப்பு இந்த நிமிஷத்தோடு போகிறது. சொன்னேன். "குன் பூவதேத்." என் குரல் ஒலிபெருக்கியில் போய் மைதானம் முழுக்க அலைந்துவிட்டுத் திரும்பி வந்தது. "அனந்தா. மொங்கோன். சோதி. சோப்போன்."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

அவ்வளவு பெரிய கூட்டம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பட்டவளுக்குத்தான் தெரியும். கத்தியிருந்தால் தேவலை, எச்சில் துப்பியிருந்தால்கூடத் தேவலை. முதலாளி சிரித்த முகம் மாறாமல், "இன்னொரு தடவை" என்றார். சொன்னேன். பதில் இல்லை. நிலக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியின் தாடை இறுகுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போச்சு, விச்சித் போனான் என்று நினைத்தேன். மூன்றாம் முறை சொல்லும்போது என் குரல் பாதியில் உடைந்தது.

அப்போது வடக்குப் பக்க வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்றார். கிளைவ்.

"குன் பூவதேத்!" என்று கத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். "அனந்தா! மொங்கோன்! சோதி! சோப்போன்!" அதோடு நிறுத்தினார். 'வெளிய போ' என்று சொல்லவில்லை. தன் அப்பன் கிடக்கிற மண்ணுக்கு மேலே நின்றுகொண்டு, அதை விற்கிறவனின் பெயரை முழுசாக, மரியாதையாகச் சொன்னார். எனக்காகத்தான். நான் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காக.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். முன்னால் இருந்தவர்களும் எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றிக் காலி நாற்காலிகள்தான் இருந்தன. அவர் உட்காரவில்லை. கேமராக்கள் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பின. நான் இத்தனை வருஷத்தில் அந்த மனிதனை அவ்வளவு நேசித்ததில்லை, அவ்வளவு பரிதாபமும் பட்டதில்லை.

முதலாளியின் தாடை தளர்ந்தது. குனிந்து, எங்கள் மொழியில், மைக்கில் விழாமல் கேட்டார்.

"யாரு தங்கச்சி அவரு?"

"என் வீட்டுக்காரருங்க ஐயா."

"வெள்ளைக்காரர் எவ்வளவு அருமையா சொல்றாரு! அடுத்த மேட்ச்சுக்கு அவரையும் கூட்டிட்டு வந்துடு. உன் பக்கத்துல நிக்கட்டும். இனிமே ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நீங்க ரெண்டு பேரும்தான்."

பூங்கொத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, "சரிங்க ஐயா" என்றேன்.